லிங்க்டினா, நௌக்ரியா, வாட்ஸ்அப் குரூப்பா: கோயமுத்தூர், திருப்பூர் பக்கம் வேலை தேடறவங்களுக்கு எது ஒத்து வரும்?

காலேஜ் முடிச்ச பசங்க இருக்கற வீட்டுல எல்லாம் இப்ப இதே பேச்சுதானுங்க, தொழில் பழக்கத்துக்குன்னே இருக்கற லிங்க்டின்ல இருந்தாத்தான் வேலை கெடைக்குமாமே, நௌக்ரிங்கற வேலைத் தளத்துல காசு கட்டினா போன் வருமாமே, இல்ல பேசாம வாட்ஸ்அப் குரூப்பே போதுமான்னு. கேக்கறவங்களும் ஒரே மாதிரி ஆளுங்க இல்ல. சரவணம்பட்டில ஐடி வேலை தேடற பொண்ணும் கேக்குது, கணபதில சிஎன்சிங்கற கம்ப்யூட்டர் மிசின் ஓட்டற பட்டறைல சில வருசம் நின்ன தம்பியும் கேக்கறாப்டி, திருப்பூர்ல பையரோட ஆர்டரைக் கவனிக்கற மெர்ச்சண்டைசரா இருந்துட்டு கம்பெனி மாறலாமான்னு யோசிக்கறவரும் கேக்கறாரு. மூணு பேருக்கும் ஒரே பதிலைச் சொன்னா அதுல ரெண்டு பேருக்காவது தப்பாத்தான் போகும்.

என்னைக் கேட்டா, எந்த ஆப் நல்ல ஆப்புங்கறதெல்லாம் அப்பறம். உங்க தொழில்ல ஆளெடுக்கறதுக்கு "சரி"ன்னு சொல்றவரு தெனமும் எதைத் தொறந்து பாக்கறாரு, அதை மொதல்ல யோசிங்க. கீரணத்தம், விளாங்குறிச்சி பக்கம் இருக்கற ஐடி கம்பெனி எச்ஆர் காலைல வந்து உக்காந்ததும் லிங்க்டினும் நௌக்ரியும்தான் தொறப்பாங்க. சிட்கோ தொழிற்பேட்டைல பம்ப் ஸ்பேர் போடற ஓனர் மெயிலையே வாரத்துக்கு ஒருக்காதான் பாப்பாரு, ஆனா வாட்ஸ்அப் மட்டும் கழுத்துல தொங்கிட்டே இருக்கும். பனியன் கம்பெனி புரொடக்சன் மேனேஜருக்கு அதுகூட வேண்டாம், லைன்ல இருக்கற டைலருகிட்ட "உனக்குத் தெரிஞ்ச ஆள் யாராச்சும் இருந்தா வரச்சொல்லு"ன்னு ஒரு வார்த்தை, வேலை முடிஞ்சுது.

இது நான் சும்மா ஊர்க்கதையா சொல்றதில்லீங்க. மார்க் கிரானோவெட்டர்னு அமெரிக்கால ஒரு சமூகவியல்காரரு 1973லயே எழுதினாரு, வேலைத் தகவல் நெருங்கின சொந்தத்தை விட அரைகுறைப் பழக்கம் இருக்கறவங்க வழியாத்தான் அதிகமா வருதுன்னு. காரணமும் சுலபம்தான், உங்க பெரியப்பா மகனுக்குத் தெரிஞ்ச ஆளெல்லாம் உங்களுக்கும் தெரியும், ஆனா மூணு வருசம் முன்னாடி ஒரே ரூம்ல தங்கியிருந்துட்டுப் பெங்களூர் போனவனுக்குத் தெரிஞ்ச ஆளுங்க உங்களுக்குத் தெரியாது. அதை லிங்க்டின் டேட்டாவ வெச்சே பரிசோதிச்சு 2022 செப்டம்பர்ல சயின்ஸ் பத்திரிகைல போட்டாங்க, 5 வருசம், 2 கோடி பேர். ரொம்ப நெருக்கமும் இல்லாம அடியோட தெரியாமலும் இல்லாம நடுவால இருக்கற பழக்கந்தான் வேலை மாறறதுக்கு நெம்ப உதவுதுன்னு வந்துது. ஆனா அதுலயே இன்னொன்னும் சொல்லியிருக்காங்க, அதைத்தான் யாரும் எடுத்துப் பேசறதில்ல: கம்ப்யூட்டர் சம்பந்தமான தொழில்கள்லதான் அந்த அரைகுறைப் பழக்கம் வேலை செய்யுது, அவ்வளவா டிஜிட்டல் ஆகாத தொழில்கள்ல நெருங்கின பழக்கந்தான் ஆளைக் கூட்டிட்டுப் போகுதுன்னு. அதாவது சரவணம்பட்டிக்கு ஒரு கணக்கு, திருப்பூர் பி.என். ரோட்டுக்கு வேற கணக்கு. பஸ்ல போனா ஒண்ணரை ரெண்டு மணி நேரந்தான் தூரம்.

சரி, லிங்க்டின்ல இருந்து வரலாம். 2003ல ஆரம்பிச்சது, 2016ல மைக்ரோசாப்ட் வாங்கிருச்சு, இந்தியால மட்டும் 10 கோடிக்கு மேல ஆளுங்க இருக்காங்க. இதுல நம்ம பசங்க பண்றது என்னன்னா, அக்கவுண்ட் தொறந்து, கல்யாண போட்டோல இருந்து மூஞ்சிய வெட்டி ஒட்டி, ஈஸி அப்ளை பட்டனை ஒரு நாளைக்கு அம்பது தடவை அமுக்கிட்டு, ஒண்ணும் வரலீங்கன்னு ஒக்காந்து வெசனப்படறது. அந்தப் பட்டன் உங்களுக்கு எவ்வளவு ஈஸியோ அவ்வளவு ஈஸிதானே நாட்டுல இருக்கற மத்தவங்களுக்கும், ஒரே வேலைக்கு நூத்துக்கணக்குல வந்து குமியுது, அதுல உங்க பேரை எச்ஆர் எங்க போய்த் தேடறது.

அதுல உருப்படியான விசயம் ஒண்ணு இருக்கு, காசே வேண்டாம். உங்க காலேஜ் பேரைப் போட்டுத் தேடி அந்தக் காலேஜ் பக்கத்துக்குப் போங்க, அங்க அலம்னைன்னு ஒரு இடம் இருக்கும். பெருந்துறைல படிச்சிருந்தாலும் சரி, சத்தியமங்கலத்துல படிச்சிருந்தாலும் சரி, பீளமேட்டுல படிச்சிருந்தாலும் சரி, அங்க போனீங்கன்னா உங்க காலேஜ்ல படிச்சவங்க எந்த ஊர்ல இருக்காங்க, எந்தக் கம்பெனில இருக்காங்க, என்ன வேலை பாக்கறாங்கன்னு பிரிச்சுக் காட்டும். கோயமுத்தூர்னு ஊரைச் சுருக்கி, நீங்க போகணும்னு நெனக்கற கம்பெனிய அமுக்கினா, உங்களுக்கு மூணு நாலு வருசம் சீனியர் பத்து பேராவது கண்ணுல படுவாங்க. மேல சொன்ன நடுவாந்தரப் பழக்கம்னா இவங்கதான். சொந்தமும் இல்ல, அந்நியமும் இல்ல, ஒரே மெஸ்ல சோறு தின்னவங்க.

அவங்களுக்கு எழுதறப்ப "சார் ப்ளீஸ் ரெபர் பண்ணுங்க, ரெசூம் அட்டாச் பண்ணியிருக்கேன்"ன்னு எடுத்த எடுப்புல போனா பதில் வராது. இப்படி எழுதிப் பாருங்க, இங்கிலீஷ்ல எழுதினாலும் விசயம் இதேதான்: "அண்ணா, நான் நம்ம காலேஜ் ஈசிஇ, உங்களுக்கு மூணு பேட்ச் ஜூனியர். எம்படெட் டெஸ்டிங்ல ஒரு புராஜக்ட் பண்ணியிருக்கேன், உங்க டீம்லயும் அதே வேலைன்னு புரொபைல்ல பாத்தேன். அங்க பிரெஷர எடுக்கறப்ப மொதல்ல எதைக் கேப்பாங்கன்னு மட்டும் சொல்ல முடியுமாண்ணா?" கேள்வி சின்னதா இருக்கு, ரெண்டு வரில பதில் சொல்லிரலாம், அதனால சொல்லுவாரு. சொன்னதுக்கப்பறம் அவராவே ரெசூம் அனுப்புன்னு கேப்பாரு, நெறையப் பெரிய கம்பெனிகள்ல ஆளை ரெபர் பண்ணினா பண்ணினவருக்கும் போனஸ் உண்டு, அதனால அவருக்கும் நட்டமில்ல. ஒண்ணு கவனம், ப்ரீ அக்கவுண்ட்ல கனெக்சன் கேக்கறப்ப நோட் எழுதறதுக்கு மாசத்துக்குக் கொஞ்சந்தான் விடுவாங்க, அதைக் கண்டவங்களுக்கெல்லாம் செலவு பண்ணிராதீங்க.

அங்க தெனமும் தத்துவம் எழுதறவங்க கூட்டம் ஒண்ணு இருக்கு, டீக்கடைக்காரருகிட்ட நான் கத்துக்கிட்ட அஞ்சு தலைமைப் பண்புன்னு. அந்தப் பக்கமே போகாதீங்க, லைக்கு வேணா வரும், வேலை வராது.

அடுத்தது வாட்ஸ்அப். படிச்சவங்க இதை எளப்பமாப் பாக்கறாங்க, ஆனா நம்ம சீமைல பாதித் தொழில் ஓடறதே இதுலதான். ஒரு குரூப்புக்கு 1024 பேர் வரைக்கும் சேரலாம், திருப்பூர் வேலை குரூப்பெல்லாம் முட்ட நெறஞ்சுதான் கெடக்கும். அதுல வர்ற மெசேஜைப் பாத்திருப்பீங்க: "அவசரம். சிங்கர் டைலர் 6, ஓவர்லாக் 4, பேட்லாக் 2, செக்கிங் லேடீஸ் 5. அனுப்பர்பாளையம். பீஸ் ரேட், வாரச் சம்பளம், ரூம் வசதி உண்டு." அவ்வளவுதான். ரெசூம் கெடையாது, இன்டர்வியூ கெடையாது, காலைல போய் மிசின்ல உக்காந்து ரெண்டு பீஸ் அடிச்சுக் காட்டினா அன்னைக்கே சேந்துக்கலாம். இந்த வேகத்துக்கு லிங்க்டின் கிட்டயே வர முடியாது. டைலர், கட்டிங் மாஸ்டர், அயனிங், செக்கிங், பேக்கிங் வேலைக்கெல்லாம் வேற யோசனையே வேண்டாம், குரூப்பும் கேட்டுல தொங்கற "ஆட்கள் தேவை" போர்டும் போதும். கரூர்ல பெட்சீட், டேபிள் கிளாத் கம்பெனிகளுக்கும் அப்படித்தான், திருச்செங்கோட்டுல லாரி பாடி கட்டற பட்டறை, போர் போடற ரிக் வண்டிக்கும் அப்படித்தான்.

குரூப்பை விட உசத்தியா ஒண்ணு இருக்குங்க, அது உங்க ஸ்டேட்டஸ். சிஎன்சி, விஎம்சி ஓட்டற தம்பிகளுக்கு இதைத்தான் சொல்லுவேன். பழைய கம்பெனி சூப்பர்வைசர், டூல் சப்ளை பண்றவரு, மிசின் சர்வீசுக்கு வந்த இஞ்சினியர், இன்ஸ்பெக்சனுக்கு வந்து போன கஸ்டமர் ஆளு, இவங்க நம்பரெல்லாம் உங்க போன்ல இருக்கும். ஆனா ஸ்டேட்டஸ் போட்டா, உங்க நம்பரை அவங்களும் சேவ் பண்ணியிருந்தாத்தான் அவங்களுக்குத் தெரியும். அதனால வேலை தேட ஆரம்பிக்கறதுக்கு ரெண்டு மாசம் முன்னாடியே ஒரு சாக்கு வெச்சுப் பேசி, "அண்ணா என் நம்பரை சேவ் பண்ணிக்கங்க"ன்னு சொல்லி வெச்சுக்கங்க. அப்பறம் நீங்க செட்டிங் பண்றதை ஒரு சின்ன வீடியோ, எந்த கண்ட்ரோல்ல வேலை தெரியும், பேனக்கா சீமென்சா, ப்ரோக்ராம் நீங்களே எழுதுவீங்களா இல்ல போட்டுக் குடுத்ததை ஓட்டறது மட்டுமா, டிராயிங் பாத்து அளவு எடுப்பீங்களா, இவ்வளவும் மூணு வரில. இதுல சூதானமா இருக்க வேண்டியது ஒண்ணு, கஸ்டமர் டிராயிங்கோ, கம்பெனி பேர் போட்ட பார்ட்டோ வீடியோல விழவே கூடாது. அது விழுந்துதுன்னா இருக்கற வேலையும் போயிரும், புதுசா எடுக்க நெனச்சவரும் "நாளைக்கு நம்ம டிராயிங்கையும் இப்படித்தான போடுவான்"ன்னு பின்வாங்கிருவாரு.

வாட்ஸ்அப் வழி, தெரிஞ்சவங்க வழி வேலைக்கு ஒரு வெலை உண்டு, அதையும் தராசுல வெக்கணும். ஒறம்பரை சொல்லிச் சேந்த வேலைல சம்பளம் பேச வாய் வராது. "நம்ம பையன், பாத்துப் போட்டுக் குடுங்க"ன்னு மாமா சொல்லிட்டு வந்திருப்பாரு, அங்க போய் நீங்க எப்படி மூவாயிரம் சேத்திக் கேப்பீங்க. புடிக்கலைன்னு ஆறே மாசத்துல நிக்கவும் முடியாது, நின்னா அடுத்த நோம்பிக்கு அந்த மாமா மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்குவாரு. இன்னொன்னும் இருக்கு, தெரிஞ்சவங்க வழியா மட்டுமே ஆளெடுத்தா, தெரிஞ்சவங்க இல்லாதவங்க வெளியவேதான் நிக்கணும். ஊருக்குப் புதுசா வந்தவங்க, வீட்டுல மொத தலைமுறையா படிச்சவங்க, அப்பா சித்தப்பாவுக்கு எந்த மில்லு ஓனரையும் தெரியாதவங்க, இவங்களுக்கு ஆன்லைன்தான் வாசல். லிங்க்டின்லயோ நௌக்ரிலயோ வந்த வேலைன்னா யாருக்கும் கடன்பட வேண்டாம், கூசாம சம்பளம் பேசலாம், வேண்டாம்னா நோட்டீஸ் குடுத்துட்டு நட்பாவே வந்தரலாம்.

நௌக்ரி 1997ல இருந்து இருக்கு, ஆனா அதை இன்னும் நெறையப் பேரு விளம்பரம் பாத்து அப்ளை பண்ற எடமாவே நெனக்கறாங்க. அங்க பாதி வேலை பின்னாடி நடக்குது, எச்ஆர் காசு கட்டி ரெசூம் குவியலுக்குள்ள வார்த்தை போட்டுத் தேடறாங்க. அதனால "கடின உழைப்பாளி, சவாலான பணியை எதிர்நோக்குகிறேன்"ங்கற தலைப்பெல்லாம் தூக்கிப் போடுங்க, யாரும் அந்த வார்த்தையப் போட்டுத் தேடப் போறதில்ல. "நிட்வேர் மெர்ச்சண்டைசர், திருப்பூர், காஸ்டிங், பேப்ரிக் புக்கிங், ஐரோப்பா பையர்"னு போட்டா தேடறவங்க கையில சிக்குவீங்க. கொஞ்ச நாளா உள்ளயே வராத ஆளுங்களைத் தள்ளி வெச்சுட்டுத் தேடற வசதியும் அவங்களுக்கு இருக்கு, அதனால வாரத்துக்கு ரெண்டு தடவையாவது உள்ள போய் ஒரு வரியையாவது மாத்துங்க. காசு கட்டற சர்வீஸ் பிரெஷருக்குத் தேவையில்லைங்கறது என் கருத்து, அந்தக் காசுக்கு ஒரு மாசம் ஏதாச்சும் ஒரு கோர்ஸ் படிக்கலாம். அப்பறம் "நாங்க நௌக்ரில இருந்து பேசறோம், வேலை ரெடி, செக்யூரிட்டி டெபாசிட் கட்டுங்க"ன்னு போன் வந்தா அது அங்க இருந்து வர்ற போனே இல்ல, கட் பண்ணிருங்க.

இப்ப வேலைல இருந்துக்கிட்டே தேடறவங்களுக்கு முக்கியமானது, முதலாளி காதுக்குப் போகாம தேடறது. இந்த விசயத்துல நௌக்ரி தேவலாம், இன்ன கம்பெனிக்கு என் புரொபைல் தெரியக்கூடாதுன்னு பேர் போட்டே தடுத்து வெக்கலாம். லிங்க்டின்ல வேலை தேடறேன்னு காட்டற ஓப்பன் டு வொர்க் போடறப்ப ரெண்டு வழி கேக்கும், எல்லாத்துக்கும் தெரியற மாதிரி போட்டோவச் சுத்திப் பச்சை வளையம், இல்லாட்டி ஆளெடுக்கறவங்களுக்கு மட்டும். ரெண்டாவதை எடுத்தா உங்க கம்பெனி ஆளெடுக்கறவங்க கண்ணுக்குப் படாம மறைக்கப் பாப்பாங்க, ஆனா நூத்துக்கு நூறு உறுதி தர மாட்டோம்னு அவங்களே சொல்லிட்டாங்க. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்லயும் இன்னாரைத் தவிரன்னு ஆளை விலக்கலாம், ஆனா ஸ்க்ரீன்சாட் எடுத்து அனுப்பறதுக்கு எவனையும் தடுக்க முடியாது. நம்மூர்ல அசோசியேசன் மீட்டிங்ல ஒரு ஓனர் இன்னொரு ஓனர்கிட்ட "உங்க பையன் என்ன வெளிய போறானாமே"ன்னு கேட்டுட்டா முடிஞ்சுது கதை.

பேஸ்புக் குரூப்பு டிரைவர், செக்யூரிட்டி, ஓட்டல், ஜவுளிக்கடை வேலைக்கு இன்னும் ஓடுது, ஆனா பழைய போஸ்ட்டே திரும்பத் திரும்ப மேல வரும், தேதியப் பாத்துட்டுக் கூப்பிடுங்க. இன்ஸ்டாகிராம் கைவேலை காட்டறவங்களுக்கு, டிசைனிங், ஆரி ஒர்க், போட்டோ எடிட்டிங், அந்த மாதிரி. மத்தவங்களுக்கு அங்க ஒரு சோலியும் இல்ல.

டெலகிராமைப் பத்தி மட்டும் கொஞ்சம் காட்டமாவே சொல்லிடறேன். வீட்டுல இருந்தே சம்பாதிக்கலாம், ஓட்டலுக்கு ஸ்டார் குடு, வீடியோவுக்கு லைக் போடுன்னு வரும். மொதல்ல நூறு, எரநூறு நெசமாவே அக்கவுண்டுக்கு வந்துரும், அதுலதான் ஆளை மடக்கறதே. அப்பறம் "ப்ரீபெய்ட் டாஸ்க்"னு ஆயிரம் கட்டச் சொல்லுவாங்க, ஆயிரத்து நானூறாக் காட்டும், அடுத்து அஞ்சாயிரம், அடுத்து இருவதாயிரம், ஸ்க்ரீன்ல லட்சம் தெரியும், எடுக்கப் போனா "வரி கட்டினாத்தான் ரிலீஸ் ஆகும்"பாங்க. பணம் போயிருச்சுன்னா வெக்கப்பட்டுக்கிட்டு உக்காராம உடனே சைபர் மோசடிப் புகார் நம்பர் 1930க்கு போன் பண்ணுங்க, எவ்வளவு சீக்கிரம் சொல்றீங்களோ அவ்வளவு பணம் அடுத்த அக்கவுண்டுக்குப் போறதுக்குள்ள புடிச்சு நிறுத்த வாய்ப்பு. வெளிநாட்டு வேலைன்னா இன்னும் கவனம். தாய்லாந்துல டிஜிட்டல் சேல்ஸ், மார்க்கெட்டிங் வேலைன்னு டூரிஸ்ட் விசால கூட்டிட்டுப் போய் மியான்மர் எல்லைல சைபர் மோசடிக் கும்பலுக்கு அடிமையாக்கறாங்கன்னு வெளியுறவுத் துறையே 2022ல எச்சரிக்கை விட்டுச்சு, அதுல தமிழ்நாட்டுப் பசங்களும் சிக்குனாங்க. வெளியுறவுத் துறையோட இ-மைக்ரேட் தளத்துல ஏஜென்ட் லைசென்ஸ் இருக்கான்னு பாக்காம பாஸ்போர்ட்டைக் கையில குடுக்காதீங்க.

பொண்ணுங்களுக்குத் தனியா ஒண்ணு. ஆயிரம் பேரு இருக்கற குரூப்ல "வேலை வேணும், கூப்பிடுங்க"ன்னு நம்பரோட போட்டா, வேலைக்கு ஒரு போன் வந்தா வேண்டாத போன் பத்து வரும். கொழந்தை பொறந்து மூணு நாலு வருசம் கழிச்சுத் திரும்ப வேலைக்குப் போகப் பாக்கறவங்களுக்கு லிங்க்டின் தோதா இருக்கும், நம்பர் குடுக்காமயே பேசலாம், இடைவெளிய மறைக்காம "கேரியர் பிரேக்"னு போட்டுக்கறதுக்கே அங்க தனி எடம் இருக்கு. கூடவே அரசாங்கத்தோட தமிழ்நாடு தனியார் துறை வேலை இணையத்துல பதிஞ்சு வையுங்க, காசு கெடையாது, மாவட்டத்துல வேலைவாய்ப்பு முகாம் எங்க எப்பன்னு அதுலயே தெரிஞ்சுக்கலாம். முகாம்ல ஒட்டுக்கா பல கம்பெனி உக்காந்திருக்கும், நேர்ல மூஞ்சி பாத்துப் பேசிரலாம்.

ஆகமொத்தம், ஐடி, டிசைன் இஞ்சினியரிங், அக்கவுண்ட்ஸ் மாதிரி வேலைன்னா லிங்க்டினுக்கு முக்கால் நேரம், நௌக்ரிக்குக் கால் நேரம், வாட்ஸ்அப்ப காலேஜ் பேட்ச் குரூப்போட நிறுத்திக்கலாம். மெர்ச்சண்டைசருக்கு ரெண்டுங்கெட்டான் நெலமை. அஞ்சு வருசத்துக்குக் கம்மின்னா தெரிஞ்சவங்களும் குரூப்பும்தான், அதுக்கு மேல போய் பையர்கிட்ட நேரா பேசற ஆளுன்னா, பெங்களூரு, சென்னை பையிங் ஆபீஸ்காரங்க லிங்க்டின்லதான் தேடறாங்க, அங்க கடையை விரிங்க. பட்டறை, பவுண்டரி, பம்ப், மில்லு வேலைக்கு ஸ்டேட்டசும் நேர்ல போறதும்தான், லிங்க்டின்ல நேரத்தப் போக்க வேண்டாம். ஓனருக்கு வாட்ஸ்அப்ல அனுப்பிட்டு ரெண்டு நாள்ல பதில் வரலைன்னா போன் பண்ணிருங்க, தப்பா நெனக்க மாட்டாங்க. மத்தியானம் மூணு மணிக்கு மேல கூப்பிடுங்க, காலைல லைன் செட் பண்ற நேரத்துல எடுத்தாலும் காதுல விழாது. சனிக்கிழமை மட்டும் வேண்டாம், சம்பள நாளு, எந்த முதலாளியும் அன்னைக்குப் புது ஆளப் பத்தி யோசிக்கற நெலமைல இருக்க மாட்டாரு.